வறட்சியிலும் வாடாத வீட்டுத்தோட்டம்

ஆண்டுதோறும் பிப்ரவரி மாதம் நெருங்கும்பொழுது, நம் பால்மரங்கள் இலையுதிர்க்கத் தொடங்குகின்றன. நிரைகளுக்கிடையே சருகுகள் கணுக்கால் உயரத்திற்குக் குவிகின்றன. காலையில் வாளியுடன் செல்லும் பாட்டாளி, வழக்கமாகப் பெறும் பாலில் பெரும்பகுதியை இழந்து திரும்புகிறார். பால் குறைந்தால் ஊக்கத்தொகையும் குறைகிறது. அதே வாரங்களில்தான் குழாயில் நீரின் வேகம் தணிகிறது. வீட்டின் பின்புறம் தழைத்து நின்ற கீரைப் பாத்தியும் வாடிக் கருகிவிடுகிறது. வருமானம், நீர், கறிகாய் ஆகிய மூன்றும் ஒருங்கே குறையும் காலம் இது. கறிகாயை விலை கொடுத்து வாங்க வேண்டிய நிலை, கையில் பணம் குறைவாக உள்ள வேளையிலேயே வந்து சேர்கிறது.

இந்நிலையை முற்றிலும் மாற்ற நம்மால் இயலாது. ஆயினும், வறட்சி வாரங்களில் அடுப்பங்கரைக்குக் கைகொடுக்கும் தோட்டம் ஒன்றை அமைத்துக்கொள்ள இயலும். அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. செடிகளைத் தேர்ந்தெடுப்பதில் சிறிது அறிவும் கவனமும் இருந்தால் போதும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடுத்தடுத்த இரு கொல்லைகள்

2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கெடா மாநிலத்திலுள்ள ஒரு தோட்டத்தின் லயன் வீடுகளுக்கு நாம் சென்றிருந்தோம். அப்போது வெயிலின் கடுமை தாங்காது, பெர்லிஸ் மாநிலத்திலும் கெடாவின் சில பகுதிகளிலும் பள்ளிகளையே சில நாள்களுக்கு மூட வேண்டியதாயிற்று. நாம் சென்ற தோட்டத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் நீர் வந்துகொண்டிருந்தது.

ஒரு வீட்டின் பின்புறம் ஓர் இளந்தாய் வாளியுடன் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கொல்லையில் தண்டுக்கீரையும் கங்கோங் கீரையும் வெண்டையும் வரிசை வரிசையாக நடப்பட்டிருந்தன. உழைப்பில் குறையில்லை, ஆனால் எல்லாம் தலைசாய்ந்து கிடந்தன. "ஐயா, இருக்கின்ற தண்ணீரைக் கீரைக்கு ஊற்றுவதா, பிள்ளையைக் குளிப்பாட்டுவதா?" என்று அவர் கேட்டார். அக்கேள்விக்கு நம்மால் விடை கூற இயலவில்லை.

அடுத்த வீட்டில், பால்வெட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டி வாழ்ந்து வந்தார். அவருடைய கொல்லையில் முருங்கை நின்றது, மரவள்ளி நின்றது, சுண்டைக்காய்ச் செடி காய்த்துக்கொண்டிருந்தது, வேலியோரம் கற்பூரவல்லி படர்ந்திருந்தது. "இதற்கெல்லாம் எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறீர்கள், பாட்டி?" என்று வினவினோம். "நான் ஊற்றுவதில்லை, தம்பி. முதல் வருஷம் ஊற்றினேன். பிறகு அதுவே பார்த்துக்கொள்கிறது" என்றார் அவர்.

இரு கொல்லைகளிலும் மண் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். வேறுபாடு, நட்ட செடிகளில் இருந்தது.

மழை மிகுந்த நாட்டில் வறட்சியா?

நம் நாட்டில் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கும் மேலாக மழை பெய்கிறது. அவ்வாறிருக்க, வறட்சியைப் பற்றிப் பேசுவது ஏன் எனச் சிலர் கேட்கலாம். பெய்யும் மழை ஆண்டு முழுவதும் சமமாகப் பெய்வதில்லை என்பதே விடை. வடக்கே கெடாவிலும் பெர்லிசிலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டவை. மேற்குக் கரையின் பிற பகுதிகளில் ஜூன், ஜூலை மாதங்களிலும் மழை குறைகிறது. எல் நினோ எனப்படும் கடல் வெப்ப மாற்றம் நிகழும் ஆண்டுகளில் இவ்வறட்சி மேலும் கடுமையாகிறது.

1991ஆம் ஆண்டில் மலாக்காவின் டுரியான் துங்கல் அணை வறண்டு, அம்மாநில மக்கள் பெரும் நீர்த் தட்டுப்பாட்டுக்கு ஆளாயினர். 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 40.1 பாகை வெப்பம் பதிவாயிற்று. அதே ஆண்டில் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் பங்கீட்டு முறையில் நீர் பெற்றனர். 2014ஆம் ஆண்டிலும் சிலாங்கூரில் நீர்ப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. ஆகவே, மழை மிகுந்த நாட்டில் வாழும் நாமும் வறட்சிக்கு முன்னேற்பாடு செய்துகொள்ள வேண்டியவர்களே.

இங்கு ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். தோட்டத்தில் தங்கியுள்ள தொழிலாளர்களுக்குப் போதிய குழாய் நீர் வழங்குவது முதலாளியின் கடமை என, 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் கூறுகிறது. செடிகளைத் தேர்ந்தெடுத்து நடுவது, அக்கடமைக்கு ஈடாகாது. குழாய் நீர் முறையாக வராவிடில் நிர்வாகத்திடம் எடுத்துரைக்க வேண்டும். தீர்வு கிட்டாவிடில் தொழிலாளர் அலுவலகத்தை நாட வேண்டும். நாம் இங்குச் சொல்வது, கிடைக்கும் நீரைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் பிள்ளைகளுக்கும் காத்துக்கொண்டு, தோட்டத்தையும் காப்பது எப்படி என்பதையே.

பால்மரம் கற்பிக்கும் பாடம்

ஒரு செடி வேரால் உறிஞ்சும் நீரில் 90 விழுக்காட்டுக்கும் மேலானது இலைகளின் வழியே ஆவியாக வெளியேறிவிடுகிறது. இலைகளின் மேல் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள்ளன. அத்துளைகளின் வழியே செடி காற்றை உள்வாங்குகிறது. அதே வழியில் நீர் வெளியேறுகிறது. எனவே, வறட்சியைத் தாங்க விரும்பும் செடி, இலையின் வழியே நேரும் இழப்பைக் குறைக்க வேண்டும்; அல்லது நீரைச் சேமித்து வைக்க வேண்டும்; அல்லது ஆழத்திலிருந்து நீரைத் தேடிப் பெற வேண்டும்.

நாம் நாள்தோறும் காணும் பால்மரம் இதில் முதல் வழியைக் கையாள்கிறது. வறட்சி வந்ததும் இலைகளை உதிர்த்துத் தன் நீர்ச் செலவைக் குறைத்துக்கொள்கிறது. பிற செடிகளும் தத்தமக்குரிய வழிகளைக் கொண்டுள்ளன. அவற்றை ஐந்தாக வகுக்கலாம்.

முதலாவது, இலையுதிர்த்தல். பால்மரத்தைப் போலவே முருங்கையும் மரவள்ளியும் கடும் வறட்சியில் இலைகளை உதிர்த்துவிட்டு, மழை வந்ததும் மீண்டும் தளிர்க்கின்றன.

இரண்டாவது, சிறிய இலைகள். முருங்கையின் இலைகள் சிறு சிறு துணுக்குகளாகப் பிரிந்துள்ளன. வாழையிலையைப் போன்ற அகன்ற இலை, வெயிலை அதிகம் வாங்கி நீரை அதிகம் இழக்கிறது.

மூன்றாவது, சேமிப்பு. கற்றாழையும் கற்பூரவல்லியும் தடித்த இலைகளில் நீரைச் சேமிக்கின்றன. மரவள்ளியும் சக்கரவள்ளியும் கிழங்கில் உணவைச் சேமித்து வைத்துக்கொண்டு, மழை வந்ததும் மீண்டு எழுகின்றன.

நான்காவது, ஆழமான வேர். முருங்கை, துவரை, வேம்பு ஆகியவை மேல்மண் காய்ந்த பின்னும் அடிமண்ணின் ஈரத்தைத் தேடிச் செல்கின்றன.

ஐந்தாவது, இரவில் மூச்சுவிடுதல். அன்னாசியும் கள்ளி வகைகளும் பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கின்றன. அதனால் அவை இழக்கும் நீர் மிகக் குறைவு.

இவ்வைந்தையும் நினைவில் வைத்துக்கொண்டால், பெயர் தெரியாத செடியைக் கண்டாலும் அதன் இலையையும் தண்டையும் பார்த்தே அதன் இயல்பை ஓரளவு உய்த்துணரலாம்.

அடுப்பங்கரைக்கு உதவும் செடிகள்

முருங்கை: வறட்சித் தோட்டத்தின் முதற்பெயராக இதனைக் கூறலாம். கீரையும் பூவும் காயும் உணவாகின்றன. இலையில் இரும்புச் சத்தும், உடலில் ஏ உயிர்ச்சத்தாக மாறும் பொருளும் உள்ளன. கிளையை வெட்டி நட்டால் விரைவில் தழைக்கும் என்பது உண்மையே. ஆயினும், விதையிலிருந்து வளரும் முருங்கைக்கே ஆணிவேர் ஆழமாக இறங்குகிறது. வறட்சியைக் கருதி நடுபவர்கள் விதையிடுவது நலம். ஆளுயரம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் விரிந்து, கைக்கெட்டும் உயரத்தில் கீரை கிடைக்கும்.

மரவள்ளி: 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், அரிசி கிடைக்காது தவித்த தோட்ட மக்களின் உயிரைக் காத்தது இக்கிழங்கே என்பதனை முதியவர்கள் வழிவழியாகக் கூறக் கேட்டிருக்கிறோம். ஒரு சாண் நீளத் தண்டை ஊன்றினாலே முளைத்துவிடும். 8 முதல் 12 மாதங்களில் கிழங்கு முற்றும். மரவள்ளியில் நச்சுப்பொருள் உண்டு. ஆகவே பச்சையாக உண்ணலாகாது. தோலை நன்கு சீவி, வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டிவிட்டே உண்ண வேண்டும். கசக்கும் கிழங்கை ஒதுக்கிவிடுவதே நன்று. இலைத் தளிரைச் சமைப்பவர்களும் நன்கு வேகவைத்து நீரை வடித்துவிட வேண்டும்.

சக்கரவள்ளி: கொடியில் முழ நீளம் வெட்டி நட்டால் போதும். மூன்று நான்கு மாதங்களில் கிழங்கு தரும். இளந்தளிரைக் கீரையாகவும் சமைக்கலாம். இக்கொடி நிலத்தின் மேல் படர்ந்து மண்ணை மூடுவதால், அடியிலுள்ள ஈரம் காக்கப்படுகிறது.

சுண்டைக்காய்: ஒருமுறை வேரூன்றிவிட்டால் ஆண்டுக்கணக்கில் காய்க்கும். குழம்புக்கும் வற்றலுக்கும் ஏற்றது. முள் உள்ளதால், பிள்ளைகள் ஓடியாடும் வழியில் நடாது வேலியோரத்தில் நட வேண்டும்.

துவரையும் காராமணியும்: பால்மரக் கன்றுகளுக்கிடையே மண்ணைக் காப்பதற்காகக் கொடிப்பயிர்களை வளர்ப்பதனைப் பாட்டாளிகள் அறிவர். அக்கொடிகள் பயறு வகையைச் சேர்ந்தவை. காற்றிலுள்ள நைட்ரசனை வேர் முடிச்சுகளில் சேர்த்து மண்ணுக்கு உரமாக்குகின்றன. துவரையும் காராமணியும் அதே இனத்தவையே. அவை வறட்சியைத் தாங்குவதோடு, அடுத்து நடும் செடிக்கு உரத்தையும் விட்டுச் செல்கின்றன.

கறிவேப்பிலை: முதலாண்டு நீர் கேட்கும், வேர் இறங்கிய பின் வறட்சியைப் பொறுத்துக்கொள்ளும். தாய்மரத்தின் அடியில் முளைக்கும் கன்றை வேருடன் பெயர்த்து நடலாம்.

எலுமிச்சம்புல் என்னும் செராய்: வறட்சியில் இலைநுனி காயும், தூர் சாகாது. சரிவான நிலத்தில் வரிசையாக நட்டால், மழைநீர் மண்ணை அரித்துச் செல்வதனையும் தடுக்கும்.

அன்னாசி: பழத்தின் தலையிலுள்ள கொண்டையை நட்டாலே வளரும். பழம் தர ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டுவரை ஆகும். இலைகளுக்கிடையே மழைநீர் தங்கினால் அதில் கொசு முட்டையிடக்கூடும். ஆகவே வீட்டு வாசலை ஒட்டி நடாது, வெயில் படும் கோடியில் நட வேண்டும்.

கற்பூரவல்லி, கற்றாழை, துளசி: இம்மூன்றும் பெரும்பாலான வீடுகளில் அறியப்பட்டவையே. கற்பூரவல்லியின் கிளையையும் கற்றாழையின் பக்கக் கன்றையும் அண்டை வீட்டாரிடம் பெற்று நடலாம். சளிக்கும் சிறு புண்ணுக்கும் இவற்றை நம் மக்கள் பயன்படுத்துவதுண்டு. ஆயினும், காய்ச்சல் நீடித்தால் மருந்தகத்திற்குச் செல்லத் தயங்கலாகாது.

வாசலுக்கு அழகு தரும் பூச்செடிகள்

அடுப்பங்கரைக்கு மட்டுமன்றி, கண்ணுக்கும் பூசைக்கும் பூ வேண்டுமன்றோ? 1960ஆம் ஆண்டில் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தி, வேரூன்றிய பின் ஓரளவு வறட்சியைத் தாங்கும். காகிதப்பூச் செடி இன்னும் ஒருபடி மேலானது. நீரைக் குறைத்தால்தான் அது மிகுதியாகப் பூக்கும்; நாள்தோறும் நீர் ஊற்றினால் இலை மட்டுமே தழைக்கும். ரோஸ் ஜப்பான் எனவும் பத்துமணிப்பூ எனவும் வழங்கும் சிறு செடி, தடித்த இலைகளில் நீரைச் சேமித்து, கொளுத்தும் வெயிலில் மலர்கிறது.

அரளியும் நித்தியகல்யாணியும் வறட்சியை நன்கு தாங்குபவை. ஆனால் அவ்விரண்டும் நச்சுத்தன்மை கொண்டவை. அரளியின் இலை, பூ, தண்டு அனைத்துமே உயிருக்கு இடர் விளைவிக்கும். சிறு பிள்ளைகளும் ஆடு மாடுகளும் உள்ள வீடுகளில் அவற்றைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

நீர் கேட்கும் செடிகளை என் செய்வது?

கீரையும் வாழையும் பாண்டானும் வல்லாரையும் வேண்டாமென நாம் கூறவில்லை. அவற்றை நடும் இடத்தை மாற்றுங்கள் என்றே கூறுகிறோம். கொல்லையை மூன்று பகுதிகளாக மனத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

குளிக்கும், துவைக்கும் இடத்தை ஒட்டிய பகுதி முதலாவது. அங்கு எப்போதும் ஈரம் இருக்கும். வாழையும் பாண்டானும் அங்கு நிற்கட்டும். அடுப்பங்கரையை அடுத்த பகுதி இரண்டாவது. அரிசியும் கறிகாயும் கழுவிய நீரைக் கொண்டு கறிவேப்பிலை, மிளகாய், கத்தரி ஆகியவற்றையும் சிறிய கீரைப் பாத்தி ஒன்றையும் அங்கு வளர்க்கலாம். குழாயிலிருந்து தொலைவிலுள்ள கோடி மூன்றாவது. முருங்கை, மரவள்ளி, சுண்டை, துவரை, அன்னாசி ஆகியவற்றிற்குரிய இடம் அதுவே. நீரைச் சுமந்துகொண்டு கொல்லைக் கோடிவரை நடக்கும் வேலை இதனால் பெரிதும் குறைகிறது. அவ்வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளுமே என்பதனை நாம் மறந்துவிடக் கூடாது.

சவர்க்கார நுரை மிகுந்த நீரைச் செடிகளுக்கு ஊற்றலாகாது. கடைசியாக அலசிய நீரை வாழை போன்றவற்றின் அடியில் ஊற்றலாம். கீரைகளின் மேல் ஊற்றுதல் கூடாது.

நடும் காலமும் முறையும்

வறட்சியைத் தாங்கும் செடியும் பிறந்த அன்றே அதனைத் தாங்குவதில்லை. வேர் ஆழமாக இறங்கும்வரை அதற்கு நம் உதவி தேவை. மழைக்காலத் தொடக்கத்தில் நட்டால், அவ்வுதவியில் பெரும்பகுதியை மழையே செய்துவிடும். மேற்குக் கரையில் ஏப்ரல் மாதமும் அக்டோபர் மாதமும் மாலை மழை மிகுந்தவை. அவை நடுவதற்கு ஏற்றவை. கிழக்குக் கரையில் ஆண்டிறுதிப் பெருமழை ஓய்ந்ததும் நடுவது நலம்.

பலரும் செய்யும் தவறு ஒன்றுண்டு. வறட்சியைத் தாங்கும் செடிகளுள் பல, தேங்கும் நீரைத் தாங்குவதில்லை. முருங்கையும் கற்றாழையும் கற்பூரவல்லியும் வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும். நம் நாட்டிலோ ஒரே மாலையில் பெருமழை கொட்டுகிறது. ஆகவே, தாழ்வான இடத்தில் நட நேர்ந்தால் அரையடி அல்லது ஓரடி உயரத்திற்கு மண்ணைக் கூட்டி, மேட்டின் மேல் நட வேண்டும்.

தகர டப்பாவில் செடி நடுவது பல வீடுகளில் வழக்கம். தகரம் வெயிலில் சூடேறி வேரைச் சுடும். மண்ணும் ஒரே நாளில் காய்ந்துவிடும். இயன்றவரை நிலத்திலேயே நட வேண்டும்.

சருகை எரிக்க வேண்டாம்

மண்ணின் மேல் சருகு, காய்ந்த புல், தேங்காய் மட்டை முதலியவற்றைப் பரப்பி வைப்பதற்கு மூடாக்கு என்று பெயர். வெயில் மண்ணில் நேரே படாததால் ஈரம் நிலைக்கிறது, களை குறைகிறது, சருகு மக்கி உரமாகிறது. நான்கு விரற்கடை உயரத்திற்குப் பரப்பினால் போதும். தண்டை ஒட்டிக் குவித்தால் தண்டு அழுகக்கூடும். எனவே ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். லாலாங் புல்லைப் பயன்படுத்துவதாயின், பூக்கு முன்னரே அறுத்துக் காயவைக்க வேண்டும். வேர்க்கிழங்கு ஒட்டிக்கொண்டிருத்தல் கூடாது.

பால்மரங்கள் இலையுதிர்க்கும் காலமும் கொல்லைக்கு மூடாக்குத் தேவைப்படும் காலமும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. வாசலில் கூட்டிச் சேர்க்கும் சருகைத் தீயிட்டுக் கொளுத்தாது, செடியடியில் இட்டால் இரட்டைப் பயன் கிடைக்கும். திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும் என்பதனையும் நினைவில் கொள்ள வேண்டும். வறட்சி நாளில் ஒரு பொறி, நிரை முழுவதனையும் எரித்துவிடக்கூடும்.

நீர் ஊற்றும் முறை

நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளித்தால், வேர்கள் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். ஒருநாள் நீர் தவறினாலும் செடி வாடும். சில நாள்களுக்கு ஒருமுறை, வேரடியில் மெதுவாக, ஆழமாக நனையும்படி ஊற்றினால், வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். விடியற்காலையிலோ அந்திப் பொழுதிலோ ஊற்ற வேண்டும். நீர் தேவையா என்பதனை அறிய, விரலை இரண்டு கணு ஆழத்திற்கு மண்ணில் நுழைத்துப் பார்க்கலாம். ஈரம் தென்பட்டால் அன்று ஊற்ற வேண்டியதில்லை.

மழைநீரையும் சேமிக்கலாம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கிறது. 10 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், 400 லிட்டர் நீர் வழிந்தோடுகிறது. அது 200 லிட்டர் பீப்பாய்கள் இரண்டை நிரப்பப் போதுமானது.

ஆனால், மூடாத பீப்பாய் ஏடிஸ் கொசுவின் பிறப்பிடமாகிவிடும். முட்டையிலிருந்து கொசுவாக வளர ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை போதும். ஆகவே பீப்பாயின் வாயை இறுக்கமான மூடியாலோ நுண்ணிய வலையாலோ மூட வேண்டும். வாரம் ஒருமுறை நீரைக் காலிசெய்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏனெனில் சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிருடன் இருக்கும். கொசு பெருக இடமளிப்பது 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். டிங்கிக் காய்ச்சலால் உயிரை இழப்பதோடு ஒப்பிட்டால், தோட்டம் வாடுவது பெரிதன்று.

மற்றோர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. களைக்கொல்லி இருந்த காலிக் கலங்களை எவ்வளவு கழுவினாலும், அவற்றில் நீர் சேமிப்பதோ செடி நடுவதோ கூடாது. மருந்து தெளிக்கும் கருவியைக் கழுவிய நீரையும், பால் உறைய வைக்கும் அமிலம் கலந்த நீரையும் கொல்லையில் கொட்டலாகாது. அந்நச்சு, கீரையின் வழியே பிள்ளைகளின் தட்டுக்கு வந்துசேரும்.

இன்றே தொடங்கலாம்

இவற்றையெல்லாம் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. அடுத்த மழைப் பருவத்தில் மூன்றே செடிகளை நடுங்கள். கோடியில் ஒரு முருங்கை விதை. அதனருகே நான்கு மரவள்ளித் தண்டு. இடையில் ஒரு முழம் சக்கரவள்ளிக் கொடி. மூன்றையும் தோட்டத்திலுள்ள எவரேனும் ஒருவர் விலையின்றித் தருவார். முதலாண்டு மட்டும் நீர் ஊற்றிப் பேணுங்கள். அடியில் சருகைப் பரப்புங்கள்.

2016ஆம் ஆண்டில் நாம் கண்ட அவ்விளந்தாய், நாம் விடைபெறும் முன்னர் அடுத்த வீட்டு மூதாட்டியிடம் ஒரு கட்டு மரவள்ளித் தண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "இப்போது நடாதே, கண்ணு. மழை வரட்டும், அதுவரை நிழலில் நிறுத்தி வை" என்று மூதாட்டி அவரிடம் சொல்லிக் கொடுத்தார். நாம் ஏடுகளில் படித்தறிந்ததை அவர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தார். ஒவ்வொரு தோட்டத்திலும் அத்தகைய முதியவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் சென்று கேளுங்கள். தண்டும் விதையும் பெற்று வாருங்கள். அடுத்த இலையுதிர்க் காலத்தில் பால் குறையலாம், குழாய் நீரும் குறையலாம். ஆயினும் உங்கள் கொல்லையில் ஒரு கைப்பிடிக் கீரையும் ஒரு கிழங்கும் இருக்கும்.